மணலுக்கு மேல் வைத்த கல்

நான் வேலை பார்த்த கடையை இப்போது நடத்துகிறவர்கள் போன மாதம் வாட்ஸாப்பில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கடல்மீன் வளர்க்கும் உப்புத்தண்ணீர் டேங்கில் கல் அடுக்கும் விதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம், கடையின் பேஜில் போடுவார்களாம். "உங்களை விட்டா யாருக்கு மாரி அண்ணே தெரியும் லா?" என்று முடித்து, கைகூப்பும் பொம்மை இரண்டு வைத்திருந்தார்கள்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. இப்போது யாரும் கல் அடுக்குவதில்லை, ஒட்டுகிறார்கள். தொழிற்சாலையில் வார்த்த காய்ந்த கல் பெட்டியில் வருகிறது. பசையும் சிமெண்டும் வைத்து மேசையிலேயே ஒட்டி, பாலம் மாதிரி, குகை மாதிரி செய்து, ஒரே துண்டாகத் தூக்கி டேங்குக்குள் இறக்கிவிடுகிறார்கள். ஆடாது, சரியாது. பசையே இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படி நின்றது என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம்.

எப்படி நின்றது என்று எழுதலாம்தான். எப்படி விழுந்தது என்பதையும் எழுதவேண்டுமே. முப்பத்தாறு வருஷம் இந்த வேலையில் இருந்தேன், நல்ல கைக்காரன் என்று பெயர் வாங்கினேன். அதே கையால் தெரிந்தே ஒரு வீட்டில் தப்பாக அடுக்கினேன். அதை மறைக்க அந்த வீட்டுப் பெண் மேல் பழியைப் போட்டேன். அந்தக் கதையை விட்டுவிட்டு விதிமுறையை மட்டும் எழுதினால் நான் மனுஷனே இல்லை. பேஜில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

வேலைக்குச் சேரும்போது எனக்கு முப்பது வயது. அதற்கு முன் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன், அதை மூடிவிட்டார்கள். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் வளர்ப்பு மீன் கடை, வாசலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது, உள்ளே போனேன். முதல் இரண்டு வருஷம் உப்புக் கரைத்தேன், வாளி தூக்கினேன், கல் கழுவினேன். அப்போதெல்லாம் கல் கடலிலிருந்துதான் வரும். ஈரத் தாளில் சுற்றி தெர்மோகோல் பெட்டியில் இந்தோனேசியாவிலிருந்து வரும் பவளக்கல். கல்லுக்குள் புழு, குட்டி நண்டு, பாசி என்று ஒரு ஊரே குடியிருக்கும். வழியில் செத்தது எல்லாம் அழுகி நாறும். வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி நாற்றம் போனபிறகுதான் அது வீடுகளுக்குப் போகும். நான் வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே துண்டை நீட்டிக் குளியலறையைக் காட்டுவாள்.

முதலாளியை எல்லாரும் டௌக்கே என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான சீனர். வெள்ளை பனியன், காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஒரு துண்டு. மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், பேசுவதே அபூர்வம். யாரையும் திட்டமாட்டார். நாம் ஏதாவது தப்பாகச் செய்தால் பக்கத்தில் வந்து நிற்பார். நாமே பார்த்துச் சரிசெய்கிற வரைக்கும் நிற்பார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனாலாவது தேவலை என்று இருக்கும்.

அவர் கல் அடுக்கும் விதம் இது. வாடிக்கையாளரின் டேங்க் அடித்தரை எவ்வளவோ அதே அளவுக்கு ஒரு அட்டையைக் கத்தரித்துக் கடைத் தரையில் போடுவார். அதன் மேல்தான் முதல் ஒத்திகை. பெரிய தட்டைக் கல் அடியில், சின்னது மேலே. ஒவ்வொரு கல்லும் கீழே இருப்பதை மூன்று இடத்தில் தொடவேண்டும். இரண்டு இடத்தில் தொட்டால் ஆடும். வைத்தபிறகு உள்ளங்கையை மேலே அழுத்தி நான்கு பக்கமும் தள்ளிப் பார்ப்பார், காதைப் பக்கத்தில் கொண்டுபோய். கரக் என்று ஒரு சின்ன சத்தம் வந்தாலும் எடுத்துத் திருப்பி வைப்பார். சத்தமே வராமல் போனதும் ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதிய பிளாஸ்டிக் துண்டை ரப்பர் பேண்டில் மாட்டுவார். அதைக் கலைத்து வாளியில் போட்டு வேனில் ஏற்றி, வீட்டில் அதே வரிசையில் திரும்ப அடுக்கவேண்டும். கல்லுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கை போய்வர இடம் விடவேண்டும், துடைப்பதற்கு.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று. முதலில் வெறும் கண்ணாடித் தரையில் வெள்ளை பிளாஸ்டிக் வலைத்தட்டு. அதன் மேல் நேராகக் கல். கல் உட்கார்ந்தபிறகு சுற்றிலும் கோப்பை கோப்பையாக மணல். கடைசியில் தண்ணீர். மணலைப் போட்டுவிட்டு அதன் மேல் கல் வைக்கவே கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடல் மீன்களில் மணலைத் தோண்டுகிறவை நிறைய. அவை கல்லுக்கு அடியில்தான் குழி பறிக்கும். கல் கண்ணாடியில் நின்றால் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் ஆகாது. மணலில் நின்றால் ஒரு நாள் விழும். என்றைக்கு என்பதுதான் தெரியாது.

வேலை முடிந்ததும் ஒரு அட்டையில் குறித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதில் முதல் வரியே 'கல் தரையில்' என்பதுதான். என் பதினாலாவது வருஷத்தில் டௌக்கே என் வேலையைப் பார்க்க வருவதையே நிறுத்தியிருந்தார். அட்டை போதும் என்றுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவேன், புதிதாக வருகிறவர்களிடம் அவரைப் போலவே பக்கத்தில் போய் நிற்பேன்.

அந்த வருஷம்தான் சண்முகம் கடைக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை, ஈசூனில் நாலறை வீடு வாங்கியிருந்தார். மனைவி வசந்தி, ஆறு வயதில் ஒரே மகள் நித்யா. கூடத்துச் சுவரை ஒட்டி நான்கு அடி டேங்க் வேண்டும் என்றார். தமிழ்க்காரர் என்பதால் டௌக்கே என்னிடம் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை புதுவீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எல்லாம் முடியவேண்டும். சண்முகத்துக்கு ஒரு ஆசை. "பால் பொங்கறப்ப வீட்டுல தண்ணி ஓடணும் மாரி" என்றார். அதற்கென்ன, ஓடும் என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமையே வைத்திருக்கவேண்டியது. டேங்கைத் தாங்கும் அலமாரியைச் செய்கிறவர் வெள்ளி காலை எட்டரைக்குத்தான் கொண்டுவந்து இறக்கினார். கூடம் முழுக்கப் பட்டுப்புடவையும் மல்லிகையும். ஐயர் வந்துவிட்டார். நான் பதினெட்டுக் கல்லை வாளிகளில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். முறைப்படி அடுக்கினால் ஒன்றரை மணி நேரம் ஆகும், அப்புறம் மணல், அப்புறம் தண்ணீர். சண்முகம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

மணலைக் கொட்டினேன். கொண்டுவந்திருந்த பீப்பாயிலிருந்து உப்புத்தண்ணீரை ஊற்றினேன். பம்பைப் போட்டேன், விளக்கைப் போட்டேன். பத்து மணிக்கு வசந்தி அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது, தண்ணீர் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். கல்லை மறுநாள் வந்து முறையாக வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். சண்முகத்தின் அக்கா டேங்கைப் பார்த்துவிட்டு, என்ன இது மொட்டையா இருக்கு, ராகு காலத்துக்கு முன்னாடி முழுசா முடிச்சிடுங்க என்றார். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கலங்கிய தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு, அடிக்கல்லை மணலில் அழுத்தி, மேலே மேலே வைத்து இருபதே நிமிஷத்தில் முடித்தேன். தள்ளிப் பார்த்தேன், ஆடவில்லை. மணலில் பதிந்த கல் முதல் நாள் கண்ணாடியில் வைத்ததைவிடக் கெட்டியாகவே நிற்கும். அந்தக் கெட்டியை நம்பக்கூடாது என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

திங்கட்கிழமை வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையை எடுத்து, 'கல் தரையில்' என்ற வரியில் குறி போட்டேன். வசந்தி ஒரு தம்ளரில் பால் கொண்டுவந்து, "குடிங்க அண்ணே, காலையிலேருந்து ஓடறீங்க" என்றாள். வாய் கூசாமல் வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை போகவில்லை. போனால் தண்ணீரை முழுக்க இறைத்து, கல்லை எல்லாம் எடுத்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஏன் என்று சண்முகம் கேட்பார். டௌக்கேயும் கேட்பார், அட்டை அவரிடம் இருக்கிறது. இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, கொஞ்ச நாளில் மறந்தே போனேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நித்யா கடையில் ஒரு ஜோடியைப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு மஞ்சள் மீன் ஒன்று, அதனோடு ஒரே குழியில் வாழும் இறால் ஒன்று. இறால் நாள் முழுக்க மணலை வாரி வெளியே தள்ளும், மீன் வாசலில் காவல் நிற்கும். பிள்ளை கண்ணாடியை விட்டு நகரமாட்டேன் என்றாள். இது உங்கள் டேங்குக்கு ஆகாது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஏன் ஆகாது என்று கேட்டால் என்ன சொல்வது? நானே பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போய், நானே விட்டேன். விட்ட உடனே இறால் நேராக அந்தப் பெரிய அடிக்கல்லுக்குக் கீழே போனது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. நான் காத்தோங்கில் ஒரு வீட்டில் இருந்தேன். கல் சரிந்து முன்கண்ணாடியின் கீழ்மூலையில் இடித்துவிட்டது, கண்ணாடியில் விரிசல் விட்டுவிட்டது, தண்ணீர் ஒழுகுகிறது என்றாள் வசந்தி. வேனை எடுத்துக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் பாதம் நனையும் அளவுக்குத் தண்ணீர், அதில் நித்யாவின் பள்ளிக்கூடப் பை. வசந்தி டேங்குக்கு முன்னால் மண்டியிட்டு, மடித்த துண்டை விரிசலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு போன் செய்ததிலிருந்து அப்படியே இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் சொல்லி, குழாய்த் தண்ணீர் வேண்டாம், டேங்க் தண்ணீரையே வாளியில் மொண்டு மீனை அதில் போடுங்கள் என்று போடவைத்திருந்தாள். அந்தப் பதற்றத்தில் எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, கையை எடுக்கலாமா?"

எடுக்கலாம் என்றேன். விரல் எல்லாம் ஊறி வெளுத்து, ஒரு உள்ளங்கையில் கண்ணாடி கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், டேங்கைப் பார்த்தேன். அடிக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலுக்குள் இறங்கியிருந்தது. அதன் கீழே இறாலின் குழி வாய் திறந்திருந்தது. ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் ஒரு வார்த்தை, நான்தான் தப்பாக வைத்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கேட்டது வேறு.

"உள்ள யாராச்சும் கையை விட்டீங்களா?"

காலையில் கண்ணாடி துடைத்தேன், உள்ளேயும் வெளியேயும் ஒட்டிவைத்துத் துடைக்கும் காந்தத்தில் ஒரு பாதி உள்ளே விழுந்துவிட்டது, கையை விட்டு எடுத்தேன் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. கல்லில் கை பட்டதா என்று கேட்டேன். படவில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றாள்.

"நினைக்கிறீங்களா, நிச்சயமாத் தெரியுமா?"

அவள் கீறிய கையைத் திருப்பிப் பார்த்தாள். சண்முகம் வேலையிலிருந்து ஓடி வந்தார். கல் அசைந்திருக்கிறது, கை பட்டிருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? "தெரியாம நடக்கறதுதான் சார், அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று வேறு சொன்னேன். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது. ஏழு மீனில் இரண்டுதான் பிழைத்தன.

மாலையில் டௌக்கே வந்தார். யாரிடமும் பேசாமல் டேங்குக்குள் கையை விட்டு, அந்த அடிக்கல்லை எடுத்துத் திருப்பினார். கண்ணாடியில் மூன்று மாதம் நின்ற கல்லின் அடியில் வலைத்தட்டின் தடம் பதிந்திருக்கும். இதில் தடமே இல்லை, பொந்து பொந்தாக மணல் அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார், மணல் உதிர்ந்தது.

"மாரி, கண்ணாடியா, மணலா?" என்றார்.

கண்ணாடி என்றேன். கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். பிறகு சண்முகத்திடம் போய், இது கடையின் பொறுப்பு, கடையே புது டேங்க் வைக்கும் என்றார். சண்முகம் உருகிப்போனார். தப்பு நம்ம வீட்டில், ஆனாலும் டௌக்கே எவ்வளவு நல்ல மனுஷன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். டௌக்கே என்ன சொல்லவந்தார் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

புது டேங்கில் டௌக்கேயே கல் அடுக்கினார். நான் வாளி மட்டும் தூக்கினேன். அந்த அடிக்கல்லைக் கடையில் என் மேசையின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார், அடிப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த வீட்டில் கல் அடுக்கினாலும், மணல் போடுவதற்கு முன்னால் டௌக்கே அங்கே வந்துவிடுவார். குனிந்து அடித்தரையைப் பார்ப்பார், போய்விடுவார். கடையை மகனிடம் கொடுக்கிற வரைக்கும் ஒரு வீடு விடாமல் வந்தார். நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார், எனக்குத்தான் துப்பில்லை. அவர் இறந்தபோது சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சீனர் வழக்கப்படி மூன்று தடவை குனிந்தேன். அப்போதும் மனசுக்குள்கூடச் சொல்ல வரவில்லை.

வீட்டுப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது, போன மாதம் வரைக்கும். பேஜுக்கு எழுத உட்கார்ந்து, மேலே நீங்கள் படித்த விதிமுறையை மட்டும் எழுதிவிட்டு, மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு காலையில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால், எதிரே வசந்தி. தலை நரைத்திருந்தது, தள்ளுவண்டி நிறைய வாழையிலையும் மஞ்சள் கொத்தும். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள். "மாரி அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நித்யாவுக்குக் கல்யாணம் ஆகி, பொங்கோலில் புதுவீட்டுச் சாவி கிடைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பால் காய்ச்சுகிறார்கள். மகள் வீட்டில் நீதானேம்மா பால் காய்ச்சுவாய் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ஐயோ, நான் கிட்டயே போகமாட்டேன். அவர் அக்காதான். என் கைதான் உங்களுக்குத் தெரியுமே அண்ணே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பால் காய்ச்சிய நூறு நாளுக்குள் கூடமெல்லாம் தண்ணீர் கொட்டிய வீடு, பாலைக் காய்ச்சிய கையும் அதுதான், கல்லைத் தள்ளிய கையும் அதுதான் என்று சண்முகத்தின் அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாராம். கைராசி இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் சொந்தத்தில் எந்த வளைகாப்புக்கும் அவள் வளையல் போட்டதில்லை. நலங்குக்குச் சந்தனம் தொட்டதில்லை. நித்யா கல்யாணத்தில் குத்துவிளக்கிலிருந்து தள்ளியே நின்றாளாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணே, நானே ஒதுங்கிக்கொள்வேன், எதற்கு வம்பு என்றாள். இதையெல்லாம் மழை வெயில் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

நான் என்ன செய்தேன்? சரிம்மா, பார்க்கலாம் என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் பார்த்தேன், மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பெல்லாம் நனைந்திருந்தது. நாலு நாள் தள்ளிப்போட்டேன். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, போய்ச் சொல்லிவிட்டு வாங்க, அது வரைக்கும் என்னிடம் பேசாதீங்க என்றாள்.

ஈசூனுக்குப் போனேன். டேங்க் இருந்த இடத்தில் இப்போது பெரிய டிவி. இருவரையும் உட்காரவைத்து, மணல், கல், அட்டை, இறால் எல்லாவற்றையும் சொன்னேன். சண்முகம் கடகடவென்று சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்துக் கதை லா மாரி, யார் இப்போ அதை நினைக்கிறா, காபி குடிங்க என்றார். வசந்தி சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கல்லைத் தொடலைன்னு அன்னிக்கு எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள். "எல்லாரும் சொல்லச் சொல்ல, தொட்ட மாதிரியே ஞாபகம் வந்துடுச்சு. கல்லோட சொரசொரப்பு விரல்ல பட்டது கூட ஞாபகம் இருக்கு."

பிறகு அவளே சொன்னாள், அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் நித்யா வீட்டுக்கு வருவார்கள், இதை அங்கே வந்து சொல்லுங்கள் என்று. அதெல்லாம் எதுக்கு வசந்தி என்றார் சண்முகம். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வருகிறேன் என்றேன்.

போன வாரம் போனேன். நேரத்துக்கு முன்னாலேயே போய், பதினோராவது மாடியில் அந்தப் புதுச் சுண்ணாம்பு வாசனைக்குள் ஒரு நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் மந்திரம் முடித்தார். அடுப்பில் பால் பானை, அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து. சண்முகத்தின் அக்கா அடுப்புக்கு முன்னால் நின்றார். எண்பதை நெருங்கிவிட்டார், கையில் கேஸ் லைட்டர். வசந்தி வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன். ஒரு நிமிஷம் எல்லாரும் கேட்கவேண்டும் என்று தொடங்கி, மடையன் மாதிரி வலைத்தட்டிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணாடி, மணல், மூன்று இடம் தொடவேண்டும் என்று என்னென்னமோ உளறினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சண்முகம் கடிகாரத்தைப் பார்த்தார். "மாரி, பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். பால் பொங்கட்டும், அப்புறம் பேசிக்கலாமே" என்றார். அக்காவும் ஆமாம் ஆமாம் என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குப் போலவே நேரத்தைச் சாக்காக வைத்து உட்காரப் போனேன்.

"நேரம் போனா போகட்டும்" என்றாள் வசந்தி. "அவரு சொல்லி முடிக்கட்டும்."

சொன்னேன். ராகு காலத்துக்குப் பயந்து அவசரமாக மணல் மேல் கல் வைத்தது, அட்டையில் பொய்க்குறி போட்டது, தெரிந்தே இறாலை விட்டது, துண்டை அழுத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தவளிடம் கையை விட்டாயா என்று கேட்டது. அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க என்று நான் சொன்னதையும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது எதிரே இருந்த முகம் ஒன்றையும் என்னால் பார்க்க முடியவில்லை. நித்யா குரல் மட்டும் கேட்டது. "அப்போ அம்மா டச் பண்ணவே இல்லையா அங்கிள்?"

"இல்லம்மா. நான்தான்."

முடித்தபோது பத்து நாற்பது. சண்முகத்தின் அக்கா கையிலிருந்த லைட்டரைப் பார்த்தார், அடுப்பு மேடையில் வைத்தார், ஒரு அடி தள்ளி நின்றார். நித்யா போய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துவந்தாள். ராகு காலம் ஆரம்பித்துவிட்டதே என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். வசந்தி லைட்டரை எடுத்தாள். முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது தடவை பற்றியது. பால் பொங்க ரொம்ப நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் சண்முகம் கடிகாரத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் பொங்கி வழிந்தது. வசந்தி ஒவ்வொருவருக்காகத் தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐயருக்கு, நாத்தனாருக்கு, மருமகனுக்கு, கடைசியில் எனக்கு. கண் சிவந்திருந்தது. தம்ளரை என் கையில் வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அண்ணே என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. குடித்து முடித்து, தம்ளரை நானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, லிஃப்டுக்கு வந்தேன்.